ஸ்ட்ராடில், சாப், ரன் இட் ட்வைஸ்: கேசினோ எதை ஏற்கும், எதைத் தடுக்கும்?

வீட்டில் நண்பர்களோடு போக்கர் ஆடும்போது ஸ்ட்ராடில் (சீட்டு வரும் முன்பே வைக்கும் விருப்பப் பந்தயம்) போடுகிறோம், ஆல்-இன் ஆனால், அதாவது கையிருப்பு முழுவதையும் பந்தயம் வைத்தால், மீதிச் சீட்டை இரண்டு முறை ஓட்டுகிறோம், ஏழும் இரண்டும் என்ற மோசமான 7-2 சீட்டை வைத்து ஜெயித்தவருக்கு ஆளுக்கு ஐந்து டாலர் கொடுக்கிறோம். இதெல்லாம் லாஸ் வேகாஸில் 1/3 டாலர் நோ-லிமிட் ஹோல்டெம் மேசையில் (சீட்டுக்கு முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் ஸ்மால் பிளைண்ட் 1 டாலர், பிக் பிளைண்ட் 3) செல்லுமா, தகராறு வந்தால் கேசினோ தீர்த்துவைக்குமா என்பது கேள்வி.

சில செல்லும், சில செல்லாது, சிலவற்றைக் கேசினோ பார்த்தும் பார்க்காதது போல இருந்துவிடும். எது எந்த வகை என்று ஊகிக்க ஒரு வழி இருக்கிறது. பந்தயம் உரிய நேரத்தில் சிப்பாக (பணத்துக்கு ஈடான வில்லையாக) மேசைக்கு வந்துவிட்டால் அது டீலரின் பொறுப்பு. அதற்கு விதி உண்டு, அமலும் உண்டு. இரண்டு பேர் வாயால் பேசிக்கொண்டது, வேறு யாருக்கும் நட்டமில்லை என்றால், கேசினோ கண்டுகொள்ளாது. ஒருவர் ஏமாற்றினாலும் பஞ்சாயத்துக்கு வராது. அந்தப் பேச்சால் மூன்றாவது ஆட்டக்காரருக்குப் பாதிப்பு வரும் என்றால் அது கூட்டுச்சதி, தடை. கீழே வரும் எல்லாமே இந்த மூன்றில் ஒன்றில்தான் விழும்.

அரசு விதி இதில் அதிகம் நுழைவதில்லை. நெவாடாவின் 23-ஆம் ஒழுங்குவிதி, கேசினோ தன் கட்டணமாக எடுக்கும் ரேக், 'பாட்' எனப்படும் மொத்தப் பந்தயப் பணத்தில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது போன்றவற்றைத்தான் கவனிக்கிறது. ஸ்ட்ராடில் எங்கிருந்து போடலாம் என்பதெல்லாம் அந்தந்தப் போக்கர் அறையின் முடிவு. பாப் சியாஃபோன் தொகுத்த 'ராபர்ட்ஸ் ரூல்ஸ் ஆஃப் போக்கர்' பல அறைகளின் விதிகளுக்கு அடித்தளம். டோர்னமென்ட்டுக்கு 2001-இல் உருவான டிடிஏ, அதாவது டோர்னமென்ட் இயக்குநர்கள் சங்கத்தின் விதிகள். இரண்டையும் கரைத்துக் குடித்திருந்தாலும், புதிய அறையில் உட்காரும் முன் டீலரிடம் மூன்று கேள்வி கேட்டாக வேண்டும்: ஸ்ட்ராடில் எந்த இடத்திலிருந்து, எவ்வளவு வரை? பிளைண்ட் சாப் (பிளைண்டுகளைத் திரும்ப எடுத்துக்கொள்வது) உண்டா? இரண்டு முறை ஓட்டலாமா?

ஸ்ட்ராடிலில்தான் சண்டை அதிகம், எனவே அதை முதலில் பார்ப்போம். பிக் பிளைண்டுக்கு இடப்பக்கம் இருப்பவர், சீட்டு வருவதற்கு முன்பே பிக் பிளைண்டின் இரு மடங்கை முன்னால் வைப்பது வழக்கமான ஸ்ட்ராடில். 1/3 மேசையில் 6 டாலர். அதன் பிறகு அவருக்கு அடுத்தவர் முதலில் பேசுவார். சுற்று பிளைண்டுகளைத் தாண்டி வந்து ஸ்ட்ராடில் போட்டவரிடம் முடியும். யாரும் ரெய்ஸ் செய்யாவிட்டாலும் (பந்தயத்தை ஏற்றாவிட்டாலும்) அவருக்கு ரெய்ஸ் செய்யும் உரிமை உண்டு. காசைக் கொடுத்து வாங்கிய ஒரே சலுகை அதுதான், அதுவும் ஃபிளாப்புக்கு (மேசை நடுவில் விரிக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டுக்கு) முன் மட்டும். ஃபிளாப் விழுந்த பிறகு அவர் பழையபடி மோசமான இடத்தில்தான் இருப்பார். அதனால் இது கணக்குப்படி நட்டமான பந்தயம். ஆட்டத்தைச் சூடேற்றக் கொடுக்கும் விலை என்று தெரிந்து போட்டால் சரி.

அடுத்து, குறைந்தபட்ச ரெய்ஸ் எவ்வளவு? ராபர்ட்ஸ் ரூல்ஸ் இதில் தெளிவு: ஸ்ட்ராடில் ரெய்ஸ் அல்ல, உள்ளே வருவதற்கான புதிய குறைந்தபட்சத் தொகை. அப்படிப் பார்த்தால் 6 டாலர் ஸ்ட்ராடிலுக்கு மேல் குறைந்தபட்சம் 12-க்கு ஏற்ற வேண்டும். ஸ்ட்ராடிலையே 3-லிருந்து 6-க்கு ஏற்றிய ரெய்ஸாகக் கருதும் அறையில் 9 போதும். பெரும்பாலான இடங்களில் 12. ஆனாலும் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் 9 டாலர் வைத்தவரை டீலர் 12 ஆக்கச் சொல்லும்போது அவர் கையில் என்ன இருக்கிறது என்று மேசை முழுக்க யூகிக்க ஆரம்பித்துவிடும்.

பட்டன் ஸ்ட்ராடில் வேறு ரகம். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இடம் நகரும் டீலர் பட்டன் என்ற அடையாள வில்லையை வைத்திருப்பவரே போடுவார். ஃபிளாப்புக்கு முன்னும் பின்னும் கடைசியாகப் பேசுவது அவர்தான். ஆட்டக்காரருக்கு இது லாபகரமான இடம், பாவம் பிளைண்டுகள். பேச்சு எங்கிருந்து தொடங்கும் என்பதில் இரண்டு வழக்கங்கள் உள்ளன. சில அறைகளில் ஸ்மால் பிளைண்ட் முதலில் பேச வேண்டும், அதாவது மேசை முழுவதும் பின்னால் காத்திருக்க, அவர் குருட்டாம்போக்கில் முடிவெடுக்க வேண்டும். வேறு சில அறைகளில் பிக் பிளைண்டுக்கு அடுத்தவர் தொடங்குவார். சுற்று பட்டனைத் தாண்டிப் பிளைண்டுகளுக்குப் போய்விட்டுக் கடைசியில் பட்டனுக்குத் திரும்பும். முதல் வழக்கமுள்ள மேசையில் உங்கள் வலப்பக்கத்து ஆள் ஒவ்வொரு முறையும் பட்டன் ஸ்ட்ராடில் போடுகிறவர் என்றால், இடத்தை மாற்றக் கேட்பது கௌரவக் குறைச்சல் அல்ல. ஒரே கையில் (ஒருமுறை சீட்டுப் பிரித்து முடியும் ஆட்டத்தில்) பட்டனும் பிக் பிளைண்டுக்கு அடுத்தவரும் ஸ்ட்ராடில் போட விரும்பினால் யாருக்கு முன்னுரிமை என்பதையும் அறையின் விதி சொல்லும். பல இடங்களில் பட்டனுக்கு.

தவறுகள் எங்கே நடக்கின்றன? முதலாவது, நேரம். சீட்டு பிரிக்கத் தொடங்கிய பிறகு வைத்த ஸ்ட்ராடிலை டீலர் திருப்பித் தள்ளிவிடுவார். இரண்டாவது, கவனக்குறைவு. 6 டாலர் ஸ்ட்ராடில் இருப்பதைப் பார்க்காமல் 3 டாலரை வீசி கால் செய்கிறவர் (ஈடு கட்டுகிறவர்) பல அறைகளில் மீதி 3-ஐப் போட வேண்டும், அல்லது வைத்த 3-ஐ விட்டுவிட்டுச் சீட்டைப் போட்டு விலக வேண்டும். "நான் பார்க்கவில்லை" செல்லாது. மூன்றாவது, வாய் ஒப்பந்தம். "இந்தச் சுற்று எல்லோரும் ஸ்ட்ராடில் போடுவோம்" என்று ஒன்பது பேரும் தலையாட்டுவார்கள். எட்டாவது ஆள் தன் முறை வந்ததும் எழுந்து கழிவறைக்குப் போய்விடுவார். டீலர் ஒன்றும் செய்ய முடியாது. ஸ்ட்ராடில் விருப்பப் பந்தயம் என்பதால் யாரையும் போடச் சொல்லிக் கட்டாயப்படுத்த விதி இல்லை. நிஜமாகவே கட்டாய ஸ்ட்ராடில் வேண்டுமென்றால் மேசைகளைக் கண்காணிக்கும் ஃப்ளோர் மேலாளரிடம் சொல்லி அந்த மேசையையே அப்படி அறிவிக்க வைக்க வேண்டும். பிறகு உட்காருகிற ஒவ்வொருவரும் தெரிந்தே உட்காருவார்கள்.

பலர் மறப்பது இன்னொன்று: ஸ்ட்ராடில் மேசையின் ஆழத்தைக் குறைத்துவிடும். 300 டாலரோடு 1/3-இல் உட்கார்ந்தால் உங்களிடம் 100 பிக் பிளைண்ட். 6 டாலர் ஸ்ட்ராடில் விழுந்ததும் அதுவே 50. அதற்கு மேல் ஒருவர் 12-க்கு மறு ஸ்ட்ராடில் போட்டால் 25. சின்ன ஜோடியை வைத்து மூன்றாவது சீட்டு விழும் என்று காத்திருக்கும் ஆட்டம் 100-இல் ஓரளவு சரி, 25-இல் தற்கொலை.

பிளைண்ட் சாப் எளிது. எல்லோரும் சீட்டைப் போட்டு விலகி, இரண்டு பிளைண்டுகள் மட்டும் மிஞ்சினால், இருவரும் தங்கள் காசைத் திரும்ப எடுத்துக்கொண்டு அடுத்த கைக்குப் போவது. பாட்டைப் பிரித்துக்கொள்வதை ராபர்ட்ஸ் ரூல்ஸ் எந்த ஆட்டத்திலும் அனுமதிப்பதில்லை. பிளைண்ட் சாப் மட்டும் அதில் விதிவிலக்கு. காரணம் ரேக். பாட் பத்து டாலரைத் தொட்டால் ரேக் ஒரு டாலர், அறை தரும் சிறப்புப் பரிசான ஜாக்பாட்டின் நிதிக்கு ஒரு டாலர் எடுக்கும் அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் பத்து டாலருக்கு மல்லுக்கட்டி ஐந்தில் ஒரு பங்கைக் கேசினோவுக்குக் கொடுக்கிறார்கள். சாப் செய்தால் பெரும்பாலும் ரேக் கிடையாது. ஆனால் நிலையான கட்டணம் வாங்கும் கலிஃபோர்னியா அறைகளில் சில, சாப்புக்கும் ஒரு டாலர் எடுக்கும்.

மரியாதை இதில் விதியைவிட முக்கியம். உட்கார்ந்ததுமே பக்கத்து ஆட்களிடம் "சாப் செய்வீர்களா?" என்று கேட்டுவிட்டு, சொன்னபடி கடைசிவரை நடக்க வேண்டும். பத்து முறை சாப் செய்துவிட்டு ஜோடி ஏஸ் வந்ததும் "இந்த முறை ஆடலாமே" என்கிறவரைக் கேசினோ தண்டிக்காது, ஆனால் மேசை மறக்காது. ஒருவர் ரெய்ஸ் செய்த பிறகு சாப் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஸ்ட்ராடிலும் உள்ளே இருந்தால் மூன்று பேரும் சேர்ந்து சாப் செய்யலாமா என்பது அறைக்கு அறை மாறும்.

ரன் இட் ட்வைஸ் பற்றித் தவறான நம்பிக்கைகள் அதிகம். ஆல்-இன் ஆகி, கால் ஆகி, இனி பந்தயத்துக்கு இடமில்லை என்ற நிலையில் மீதிச் சீட்டை இரண்டு முறை விரித்து, ஒவ்வொரு விரிப்புக்கும் பாதிப் பாட் கொடுப்பது இது. இதில் யாருடைய சராசரி லாபமும் மாறாது. பாட் 1,000 டாலர். டர்ன் (நான்காவது பொதுச் சீட்டு) வரை விழுந்தாயிற்று, இனி ஒன்றுதான் பாக்கி. உங்களுக்குக் கிளாவர் ஃப்ளஷ் (ஐந்தும் கிளாவர்) வர ஒரு சீட்டு வேண்டும், எதிராளி இப்போது முன்னால் இருக்கிறார். தெரியாத சீட்டு 44, அதில் உங்களைக் காப்பாற்றுவது 9. ஒரே முறை என்றால் 20.45 சதவீதம் முழுப் பாட்டும் உங்களுக்கு, இல்லையேல் பூஜ்யம். இரண்டு முறை என்றால் இரண்டையும் ஜெயிக்க 3.8 சதவீதம், ஒன்றை ஜெயிக்க 33.3, இரண்டையும் இழக்க 62.9. சராசரியை எப்படிப் போட்டாலும் 204 டாலர் 55 சென்ட்தான். ஏற்ற இறக்கம்தான் குறைகிறது. முதல் விரிப்பில் போன சீட்டு இரண்டாவதில் வராது என்பதால் நட்டம் என்று சிலர் வாதிடுவார்கள்; நல்ல சீட்டு போவதைப் போலவே கெட்ட சீட்டும் போகிறது, கணக்குச் சரியாகிவிடும்.

இரண்டு முறை ஓட்டினால் பாட் பாதியாகப் பிரியும் என்பதும் உறுதியில்லை. 2022 செப்டம்பரில் கலிஃபோர்னியாவின் கார்டினாவில், ஹஸ்லர் கேசினோவின் நேரலை ஆட்டத்தில் 2,69,000 டாலர் பாட் இரண்டு முறை ஓட்டப்பட்டது. பின்னாளில் உலகமே விவாதித்த, ஓர் ஆட்டக்காரர் கையிலிருந்த ஜாக்-நான்கு சீட்டு இரண்டையும் எடுத்தது.

நடைமுறையில் கவனிக்க வேண்டியவை இவை. ஒப்புதல் அடுத்த சீட்டு விழுவதற்கு முன் வர வேண்டும். ரிவர் (கடைசிப் பொதுச் சீட்டு) திரும்பிய பிறகு "இரண்டு முறைதானே சொன்னேன்" என்பது செல்லாது. தலையாட்டாதீர்கள், வாய் திறந்து டீலருக்குக் கேட்கும்படி சொல்லுங்கள். மூன்று பேர் உள்ளே இருந்து, சின்னக் கையிருப்புக்காரரால் ஈடு கட்ட முடியாத தொகைக்கான பக்கப் பாட்டும் இருந்தால், எல்லோரும் ஒரே விரிப்பைத்தான் பகிர்கிறார்கள். எனவே பிரதானப் பாட்டில் மட்டும் இருக்கும் சின்னக் கையிருப்புக்காரரும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் வேண்டாம் என்றால் ஒரே முறைதான், காரணம் சொல்லவும் தேவையில்லை. ரேக் இருமுறை எடுப்பதில்லை. ஜாக்பாட் உள்ள அறையில் இரண்டாவது விரிப்பு பெரும்பாலும் ஜாக்பாட்டுக்குச் சேராது, சில இடங்களில் இரண்டு முறை ஓட்டிய கையே சேராது. இதை முன்கூட்டியே கேளுங்கள். டோர்னமென்ட்டில் இந்த வசதி கிடையாது.

இரண்டு முறை ஓட்ட எப்போதும் தயார் என்று அறிவித்துவிடுவது நல்லதா? ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் பணமுள்ளவர் மறுப்பதில் நியாயம் இருக்கிறது: பயந்த எதிராளி கால் செய்யத் தயங்குவார். சொந்தப் பணத்தில் பெரிய பங்கு மேசையில் இருக்கிறவர் ஒப்புக்கொள்வதே மேல்.

காப்பீடு இதற்கு அண்ணன் போலத் தெரியும், ஆனால் கேசினோ அதை வேறு வகையில் சேர்க்கிறது. மேலே சொன்ன கையில் முன்னால் இருப்பவரிடம் இன்னொருவர், "ஃப்ளஷ் விழுந்தால் ஆயிரம் தருகிறேன், விழாவிட்டால் 333 கொடுங்கள்" என்கிறார். நியாயமான விலை 35-க்கு 9, அதாவது 257 டாலர். மீதி 76 காப்பீடு விற்பவர் கூடுதலாக வைத்த விலை. விற்பவருக்கு எப்போதும் சாதகம் என்பது ஒரு பக்கம். அந்தக் கையை ஆடாத ஒருவருக்கு ரிவர் சீட்டின் மேல் பணம் கட்டிய ஆர்வம் வந்துவிடுவதுதான் கேசினோவுக்குத் தலைவலி. ராபர்ட்ஸ் ரூல்ஸ் காப்பீட்டை நேரடியாகத் தடுக்கிறது. தோற்றவருக்கு ஆறுதலாக ஜெயித்தவர் பாட்டிலிருந்து கொஞ்சம் தள்ளிவிடுவதையும், இன்னொருவருக்காக பிளைண்ட் போடுவதையும் அதே மூச்சில் தடுக்கிறது.

7-2 ஆட்டம் இடைப்பட்ட நிலம். 7-2 வரும் வாய்ப்பு 1,326-க்கு 16, சுமார் 1.2 சதவீதம். அதை வைத்து ஜெயித்துக் காட்டினால் ஆளுக்கு ஐந்து டாலர். பல அறைகள் முகம் சுளிக்காது, ஆனால் வசூலித்துத் தராது. ஆல்-இன் ஆகித் தோற்று மேசையில் சிப்பே இல்லாதவரிடம் யார் வாங்குவது? புதிதாக உட்கார்ந்தவர் "எனக்கு இது தெரியாது" என்றால்? இரண்டுக்கும் டீலரிடம் பதில் கிடையாது. பாம்ப் பாட் அப்படியல்ல: எல்லோரும் ஒரே தொகையை, உதாரணமாக 10 டாலரை, போட்டுவிட்டு நேரே ஃபிளாப்புக்குப் போவது. காசு மேசையில் இருக்கிறது, டீலர் நடத்துகிறார், விதி உண்டு. வேண்டாதவர் அந்தக் கைக்கு மட்டும் வெளியே உட்காரலாம். அது பெரும்பாலும் மதிக்கப்படுகிறது.

அடுத்த மூன்றாவது வகையில்தான் நல்லவர்களும் மாட்டிக்கொள்கிறார்கள். ஒருவர் ஆல்-இன், இன்னும் இருவர் பேச வேண்டியிருக்கிறது, ஒருவர் மற்றவரிடம் "செக் செய்துகொண்டே போவோமா?", அதாவது மேலும் பந்தயம் வைக்காமல் விடுவோமா என்கிறார். மனதுக்குள் அப்படி ஆடினால் தவறில்லை. வாய்விட்டுச் சொன்னால் ஆல்-இன் ஆனவரை இரண்டு பேர் சேர்ந்து அமுக்கியதாகிவிடும், குறிப்பாக டோர்னமென்ட்டில் அதற்குத் தண்டனை உண்டு. நண்பரை அடிக்காமல் மெதுவாக ஆடுவதும் அதே கணக்கு.

ஜாக்பாட் இன்னும் ஆபத்து. பெரிய கை தோற்றால் அறையே பணம் தரும் பேட் பீட் ஜாக்பாட்டில், "சீட்டைப் போட்டுவிடாதே, ஜாக்பாட் இருக்கிறது" என்ற அரைவாக்கியம் போதும், முழுத் தொகையும் ரத்தாக. காமிரா பதிவைப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுப்பார்கள். எனவே அப்படியான கை விழும் என்று தோன்றினால் வாயை மூடிக்கொண்டு வழக்கம் போல ஆடுங்கள்.

இனி டோர்னமென்ட் பங்கீடு. கடைசி மூன்று பேர், மீதிப் பரிசு 1,00,000 டாலர்: முதல் பரிசு 50,000, அடுத்து 30,000, 20,000. சிப் விகிதம் 50, 30, 20. மொத்தத்தையும் சிப் விகிதத்தில் பிரித்தால் முன்னணியில் இருப்பவர் ஆடாமலே முதல் பரிசை முழுதாக வாங்குகிறார். அவரிடம் 70 சதவீதம் சிப் இருந்தால் முதல் பரிசைவிட 20,000 கூடவே வரும். இதை யார் முன்மொழிந்தாலும் எழுந்து போய்விடலாம். ஓரளவு நாகரிகமான சிப் சாப்பில் எல்லோருக்கும் மூன்றாம் பரிசை உறுதிசெய்துவிட்டு மீதி 40,000-ஐ சிப் விகிதத்தில் பிரிப்பார்கள்: 40,000, 32,000, 28,000. சிப்பைப் பரிசுப் பண மதிப்பாக மாற்றும் ஐசிஎம் கணக்கோ ஒவ்வொருவரும் ஒவ்வோர் இடத்தில் முடிக்கும் வாய்ப்பைத் தனித்தனியே எடுத்துக்கொள்ளும்: 38,393, 32,750, 28,857. முன்னால் இருப்பவர் சிப் சாப் கேட்பதற்கும் மற்ற இருவர் ஐசிஎம் கேட்பதற்கும் இடையே இருப்பது இந்த 1,607 டாலர்தான். ஐசிஎம் திறமையையும் பிளைண்ட் உயர்வையும் கணக்கில் எடுக்காது; மற்றவர்களைவிட நன்றாக ஆடுகிறவர் கொஞ்சம் கூடக் கேட்பது பேராசை அல்ல.

முறை இதுதான். டோர்னமென்ட் இயக்குநரைக் கூப்பிட்டுக் கடிகாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். சிப்பை ஊழியர் எண்ணட்டும், நீங்கள் எண்ணாதீர்கள். எண்ணை ஒப்பிட்ட பின் பேச்சு. ஒருவர் மறுத்தாலும் ஆட்டம் தொடரும். மறுத்தவரை நெருக்குவது தவறு. ஒப்புக்கொண்டால் தாளில் தொகையும் கையெழுத்தும். எல்லா இடத்திலும் இந்த உதவி கிடைக்காது. ஐரோப்பியப் போக்கர் டூரில் ஊழியர்களே நடத்தித் தருவார்கள், வெற்றியாளருக்கென ஒரு தொகையை ஒதுக்கியும் வைப்பார்கள். போக்கரின் உலகத் தொடரான டபிள்யூஎஸ்ஓபி பங்கீட்டுக்குத் துணை நிற்பதில்லை. அறிவித்த இடப்படிதான் பணம் தரும், மீதி ஆட்டக்காரர்களின் நாணயம்.

அந்த நாணயத்தின் விலை 2006-இல் தெரிந்தது. டபிள்யூஎஸ்ஓபி மெயின் ஈவென்ட்டை வென்று 1.2 கோடி டாலர் பெற்ற ஜேமி கோல்டு, வாய்ப்பேச்சில் பாதி தருவதாகச் சொன்னார் என்று கிறிஸ்பின் லெய்சர் லாஸ் வேகாஸில் வழக்குத் தொடுத்தார். பாதித் தொகை முடக்கப்பட்டது, கடைசியில் சமரசம். ஒருவர் பரிசில் மற்றவருக்குப் பங்கு என்று மாற்றிக்கொள்வதும் "யார் அதிக நேரம் தாக்குப்பிடிக்கிறார்" பந்தயமும் பொதுவாகத் தடையில்லாதவை. எழுதிக்கொள்ளாமல் செய்தால் முடிவு இதுதான்.

பங்கீடு ஆட்டத்தையே மாற்றினால் கேசினோ சும்மா இராது. 2025-இல் டபிள்யூஎஸ்ஓபியின் மில்லியனர் மேக்கர் போட்டியில் கடைசி இருவரில் ஒருவருக்கு, வென்றால் வெளியே ஒரு நிறுவனத்தின் 10 லட்சம் டாலர் போனஸ் காத்திருந்தது. மிகப் பெரிய முன்னிலையில் இருந்த மற்றவர் விசித்திரமாகச் சரிந்ததும் விசாரணை வந்தது. வெற்றியாளர் என்று யாரையும் அறிவிக்காமல், வெற்றியாளருக்குரிய பிரேஸ்லெட்டும் தராமல், பரிசை இருவருக்கும் சமமாகப் பிரித்தார்கள்.

கடைசியாக வரி. பங்கீட்டைக் கேசினோ பதிவு செய்யாவிட்டால், தாளில் முதல் இடம் பிடித்தவர் பெயரில் முழு 50,000 ஏறும், அவர் சுமார் 12,000 டாலரை மற்றவர்களுக்குக் கொடுத்திருந்தாலும். அமெரிக்காவில் வசிப்பவருக்கு டபிள்யூ-2ஜி படிவம்; பரிசைப் பலர் பகிர்ந்தால் யாருக்கு எவ்வளவு என்று சொல்ல 5754 படிவம் இருக்கிறது. இந்தியாவிலிருந்து போய் ஆடுகிறவருக்கு 1042-எஸ், அதோடு 30 சதவீதப் பிடித்தம்: 50,000-க்கு 15,000 அங்கேயே போய்விடும். எனவே பணம் பட்டுவாடா ஆவதற்கு முன், காசாளர் படிவத்தை அச்சிடுவதற்கு முன், பங்கீட்டுத் தாளை அவர் மேசையில் வைத்துவிடுங்கள்.